ஹோம் ஃபோல்டர் முழுசும் எதுக்கு?

ஒலக்கூர்ல இருந்து திண்டிவனம் போய் பிரிண்ட் எடுக்கிறவங்களுக்குத் தெரியும்: ரெஸ்யூமேக்காக பென்டிரைவை நீட்டினா, அதுல இருக்கிற ஆதார், மார்க் ஷீட் எல்லாமே கடை கம்ப்யூட்டருக்குத் திறந்துடும். லினக்ஸ்ல பல ஃபிளாட்பேக் ஆப்களும் இப்படித்தான் கேக்குது. பேரு சாண்ட்பாக்ஸ். ஆனா அனுமதிப் பட்டியலில் 'ஹோம்' இருந்தால், நம்ம ஃபைல்களைப் படிக்கலாம், மாத்தலாம். பேஷ்ஆர்சி ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் போதும். அடுத்து டெர்மினல் திறக்கும்போது அந்த வரி பெட்டிக்கு வெளியே ஓடும். அப்புறம் எதுக்குப் பெட்டி?

இத்தனைக்கும் போர்ட்டல்னு ஒண்ணு இருக்கு. ஃபைல் தேர்வு செய்யும் விண்டோவை ஆப் காட்டாது, டெஸ்க்டாப்தான் காட்டும். நாம தேர்ந்தெடுத்த ஃபைல் மட்டும் ஆப் கைக்குப் போகும். கடையில் ஒரே ஒரு தாளை நீட்டுற மாதிரி.

கோட் எடிட்டருக்கு ஒரு ஃபைல் பத்தாது, சரி. ப்ராஜெக்ட் ஃபோல்டரைக் கொடுங்க, வீட்டையே ஏன் கொடுக்கணும்? உபுண்டுவின் ஸ்னாப் ஆப்களுக்குப் பென்டிரைவ் அனுமதி பொதுவா தானா கிடைக்காது, நாமதான் கொடுக்கணும். எரிச்சல்தான், ஆனா நான் அந்தப் பக்கம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை ஃபிளாட்பேக்கா கட்டுறவங்க, மேனிஃபெஸ்ட்ல 'ஹோம்' போடுறதுக்கு முன்னாடி போர்ட்டலை ஒருமுறை முயற்சி பண்ணுங்க. மத்தவங்க ஃபிளாட்சீல் போட்டு, எந்த ஆப் என்ன வாங்கி வச்சிருக்குன்னு பாருங்க. பிடிக்கலைன்னா அங்கேயே அணைச்சிடலாம்.