நாயைப் படம் எடுத்தீர்கள், பைலைக் காப்பாற்றினீர்களா?

கம்பத்தில் எங்கள் வீட்டில் 13 வருடங்கள் மணி என்றொரு நாய் இருந்தது. செவலை நிறம், கறுத்த மூஞ்சி. கோம்பை நாய் என்று சொல்லித்தான் குட்டியாகக் கொடுத்தார்கள். கடந்த தை மாதம் அது இறந்துபோனது. நல்ல படம் ஒன்றை 12-க்கு 8 இன்ச் அளவில் பிரிண்ட் போட்டு மாட்ட வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார்.

தேடினேன். திண்ணையில் அது உட்கார்ந்திருந்த அழகான படம் ஒன்று கிடைத்தது. சித்தப்பாவுக்கு சாட் அப்ளிகேஷனில் அனுப்பிய காப்பி அது. ஸ்டுடியோக்காரர் பார்த்துவிட்டு, "சின்ன பைலா இருக்கே தம்பி, பெரிசாக்குனா கட்டம் கட்டமாத் தெரியும்" என்றார். ஒரிஜினல் எங்கே? பழைய போனில் இருந்தது. அந்தப் போனை மாற்றும்போது பார்மட் செய்தது நான்தான். "கம்ப்யூட்டர் வேலை பாக்குற புள்ள இருக்குற வீட்ல ஒரு போட்டோ இல்லையாப்பா?" என்று அப்பா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், "செல்லப் பிராணியைப் படம் எடுக்க எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். என் கருத்தில் கேள்வியே தவறு. கேமராவுக்குச் செலவழிக்கும் முன் எடுத்த பைலைக் காப்பாற்றும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். நல்ல பிரிண்டுக்கு இன்ச் ஒன்றுக்கு 300 புள்ளிகள் தேவை. 6-க்கு 4 இன்ச் படத்திற்கு 1800 x 1200 பிக்ஸல், அதாவது சுமார் 2 மெகாபிக்ஸல் போதும். என்னிடம் மிஞ்சிய காப்பியோ 960 x 720 பிக்ஸல். அதை 12 இன்ச் அகலத்திற்கு இழுத்தால் இன்ச்சுக்கு 80 புள்ளிகள்தான் கிடைத்திடும். எடுத்தது 5 மெகாபிக்ஸல் போன். அதன் ஒரிஜினல் 2592 x 1944 பிக்ஸல். அது இருந்திருந்தால் இன்ச்சுக்கு 216 புள்ளிகள் கிடைத்து, சுவரில் மாட்டிச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க நன்றாகவே இருந்திருக்கும். குறை கேமராவில் இல்லை.

படம் எடுக்கும் முறையிலும் காசு செலவில்லாத திருத்தங்களே அதிகம் உதவுகின்றன. நின்றுகொண்டு மேலிருந்து எடுக்காமல் தரையில் உட்கார்ந்து நாயின் கண் உயரத்தில் எடுத்திடுங்கள். எலியட் எர்விட் என்ற புகைப்படக் கலைஞர் 1946-ல் நியூயார்க் தெருவில் ஒரு குட்டி நாயை, பக்கத்தில் நின்ற பெண்ணின் பாத உயரத்திற்குக் கேமராவை இறக்கி எடுத்தார். அந்தப் படம் இன்றும் பேசப்படுகிறது.

பிளாஷ் வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. அதனால் கண்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒளிரும். ரெட் ஐ நீக்கும் வசதி சிவப்பைத் தேடுவதால் இங்கே பெரும்பாலும் பயன்படாது. ஜன்னல் ஓரமோ காலை நேரத் திண்ணையோ சிறந்தது. வெள்ளைச் சுவரின் முன் கறுத்த மூஞ்சி இருட்டாக விழும். திரையில் மூஞ்சியைத் தொட்டு, வெளிச்சத்தைச் சிறிது கூட்டி எடுத்தால் சரியாகிவிடும்.

எங்கள் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. கோம்பை நாய்க்குப் பெயர் தந்த கோம்பை, உத்தமபாளையம் தாலுகாவில் மலையடிவாரத்தில் உள்ள ஊர். 2005 ஜனவரி 9 அன்று அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்கு 4 தபால் தலைகள் வெளியிட்டது. அதில் ராஜபாளையம் இடம் பெற்றது. கோம்பைக்கு இடம் இல்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது கோம்பையின் பெயரும் வந்தது. நல்லதுதான். ஆனால் குட்டி வாங்கப் போகிறவருக்குத் தாய், தகப்பன் நாய்களின் படத்தைத் தேதியோடு காட்டுபவர்கள் எத்தனை பேர்? படம் மட்டும் இனத்திற்குச் சான்று ஆகிவிடாது. தேதியையும் மாற்ற முடியும். இருந்தாலும் வருடத்திற்கு ஒரு முறை பக்கவாட்டில் நிற்க வைத்து ஒரு படம், முன்புறம் ஒரு படம், தோள் உயரம் இவ்வளவு என்ற குறிப்பு ஆகியவை சில வீடுகளில் சேர்ந்தாலே, வாய்ச்சொல்லை விட நம்பகமான பதிவு உருவாகும்.

"போனே தானாக இணையத்தில் சேமித்துக்கொள்கிறதே" என்பார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசமாக இடம் தந்தது 2021 ஜூன் 1-உடன் முடிந்துவிட்டது. மேலும் அதில் சேமித்த படத்தை அந்த அப்ளிகேஷனில் நீக்கினால் இரண்டு இடத்திலும் நீங்கும். குப்பைத் தொட்டியில் 60 நாட்கள் இருக்கும், அவ்வளவுதான். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழிவது பேக்கப் ஆகாது.

செய்ய வேண்டியது எளிது. மாதம் ஒரு முறை போனைக் கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்து, படங்களை வருடத்தின் பெயரில் ஒரு போல்டரில் காப்பி செய்திடவும். நல்ல படங்களுக்கு நாயின் பெயர், தேதி சேர்த்து ரீநேம் செய்திடவும். அந்தப் போல்டரை வெளியில் இணைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் காப்பி செய்து, முடிந்தால் வேறு வீட்டில் வைத்திடவும். உறவினர்களுக்கு அனுப்பும்போது டாகுமெண்ட்டாக அனுப்பினால் அளவு சுருங்காது. ஆனால் எடுத்த இடத்தின் விவரமும் பைலோடு போகும். எனவே தெரிந்தவர்களுக்கு மட்டும் அப்படி அனுப்புங்கள்.

உங்களுக்குப் பிடித்த படத்தின் மீது இப்போதே மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் சென்று, டீடெய்ல்ஸ் டேப்பில் எத்தனை பிக்ஸல் என்று பாருங்கள். குறைவாக இருந்தால் ஒரிஜினலை உடனே தேடுங்கள். போனை இன்னும் மாற்றாமல் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது மணியின் படம் இருக்கிறது, 3 இன்ச் அளவில். அப்பா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்த்தான் பார்க்கிறார்.