பந்தியில் எடை போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கடைசிவரை படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் வரட்டும்.

போன மாதம் நம் வீட்டுக் கல்யாணத்தில், கல்லூரியில் படிக்கும் நம் பெண் ஒருத்தி பந்தியில் உட்காராமல் நழுவினாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். காலையிலிருந்து ஏழு பேர் அவளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்னடி, இப்படிப் பெருத்துட்ட?" எண்ணி வைத்திருக்கிறாள்! இரண்டு மாதமாக ராத்திரிச் சாப்பாடும் கிடையாதாம். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

32 வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அங்கேயே கணக்குப் போட்டேன். உயரம் 158 செ.மீ., எடை 55 கிலோ. உயரத்தை மீட்டராக்கி, அதன் வர்க்கத்தால் எடையை வகுத்தால் 22 வருகிறது. பி.எம்.ஐ. என்பது இதுதான். உலக அளவில் 25-க்குக் கீழே இருந்தால் சரியான எடை. நம் நாட்டு டாக்டர்கள் இன்னும் கறாராக 23 என்கிறார்கள். அதற்கும் உள்ளேதான் இருக்கிறாள். கணக்கைக் காட்டினால், "கணக்கு சரிதான் பெரியம்மா, ஆனா நான் குண்டுதான்" என்கிறாள். ஏழு வாய்க்கு முன்னால் என் கணக்கு எடுபடவில்லை.

அதே மண்டபத்தில் ஒல்லியான இன்னொருத்தியிடம், "எலும்பும் தோலுமா இருக்கியே, எவன் கட்டிப்பான்?" என்றும் கேட்டார்கள். எத்தனை கிலோ இருந்தால் நீங்கள் வாயை மூடுவீர்கள்?

"எல்லாம் அவ நல்லதுக்குத்தானே சொல்றோம்" என்பீர்கள். நல்லதற்கென்றால் ரத்தத்தைப் பற்றியல்லவா கேட்க வேண்டும்? 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இருவரில் ஒருத்திக்கு மேல்! ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். நம் பெண்ணுக்குப் பிறகு பரிசோதித்ததில் 9.4. ஏழு பேரில் ஒருவராவது அதைக் கேட்டீர்களா?

உடல் பருமன் பிரச்சினையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை, பி.பி. எல்லாம் நம் குடும்பத்திலேயே இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். பரிசோதித்துவிட்டு, தனியாக உட்காரவைத்துச் சொல்வார். பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் நடுவே சொல்வதற்குப் பெயர் அக்கறை இல்லை.

இன்னொன்று. உடம்பு இளைக்கணும் என்கிற இதே வாய்தான், அவள் காலையில் நடக்கக் கிளம்பினால் "பொம்பளப் பிள்ளைக்கு என்ன ஊர் சுத்தல்?" என்கிறது. சைக்கிளையும் பந்தையும் வயசுக்கு வந்ததும் பிடுங்கிக்கொண்டோம்.

இதில் நானும் குற்றவாளிதான். பத்தாம் வகுப்பு என்று சொல்லிச் சொல்லி, எத்தனை வருஷம் உங்கள் பி.டி. பீரியடைக் கடன் வாங்கிக் கணக்கு நடத்தினேன்! ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை. மாணவிகளே, மன்னித்துவிடுங்கள். உங்கள் பெண்களையாவது விளையாட அனுப்புங்கள்.

உறவுகளே, பொங்கலுக்கு ஊரில் சந்திப்போம். பிள்ளைகளைப் பார்த்ததும் "சாப்பிட்டியா, என்ன படிக்கிறே?" என்று கேளுங்கள். என் முன்னால் யாராவது உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தால், வயசில் பெரியவர் என்றும் பார்க்க மாட்டேன். அங்கேயே நிறுத்தச் சொல்லுவேன். இப்போதே சொல்லிவிட்டேன்.