இரும்பும் தொண்டை அடைப்பானும்

தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியாக் கிருமி எந்நேரமும் நஞ்சு கக்குவதன்று. வளர்ப்பு நீரில் இரும்பு மிகுந்தால் நஞ்சு குன்றுவதைப் பாப்பன்ஹைமர், ஜான்சன் என்னும் இருவர் 1936-இல் எழுதினர். காரணம் பின்னரே விளங்கிற்று. கிருமிக்குள் உள்ள ஒரு புரதம், இரும்பை ஏந்தியவுடன், நஞ்சைச் செய்யும் மரபணுவின் முகப்பில் அமர்ந்துவிடுகிறது. தாழாத கைகாட்டியின் முன் வண்டி நிற்பதுபோல் நஞ்சும் நின்றுவிடும். (இரயிலில்லாத் தீவில் இவ்வுவமை எதற்கு என்பீர்; நம் தொழிற்பழக்கம், பொறுத்தருள்க!) இரும்பு அருகினாலோ புரதம் விலகும், நஞ்சு புறப்படும். விந்தை யாதெனில், அம்மரபணு கிருமியின் சொந்தச் சொத்தன்று. ஒரு வைரஸ் கொணர்ந்தது.

நம் உடல் இரும்பைத் தன் புரதங்களில் பூட்டியே வைத்திருக்கிறது. ஆகவே, குழந்தையின் தொண்டையில் குடியேறிய கிருமிக்குக் கைகாட்டி தாழ்ந்தேயிருக்கும். இரும்பு மாத்திரையால் அதனை நிமிர்த்த இயலாது, தடுப்பூசியே காப்பு. 6, 10, 14 வாரங்களில் மூன்று, 16 முதல் 24 மாதங்களுக்குள் ஒன்று, 5–6 வயதில் ஒன்று, பின்னர் 10, 16 வயதுகளிலும். லம்பா லைனிலிருந்து ஊருக்குக் கப்பலேறும் குடும்பங்களில் நாம் கண்டவரை தவறிப்போவது ஐந்து வயது ஊசியே. ஊசி அட்டையைப் பெட்டியின் அடியில் இடாது கைப்பையில் வைத்துக்கொள்க. சென்ற ஊரின் சுகாதார நிலையத்திலும் போட்டுக்கொள்ளலாம்.