எண்ணெய்க் கசடு புழுதிக்கு மருந்தல்ல

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட பட்டியலில், நுண்தூசி மிக அதிகமான காற்றைச் சுவாசித்த நகரம் ஈரானின் அஹ்வாஸ். ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 372 மைக்ரோகிராம். அந்தத் தூசியில் ஒரு பங்கு, ஈராக் எல்லையில் வற்றிப்போன ஹூர் அல்-அசீம் சதுப்பு நிலத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள வறண்ட நிலங்களிலிருந்தும் கிளம்பியது. பெட்ரோலியக் கசடைத் தெளித்து மண்ணை ஒட்டவைப்பதே இதற்கு வழி என்று அங்கே நெடுநாளாகச் சொல்கிறார்கள். அது மலிவாம், கைகண்ட முறையாம். உப்பு மண்ணில் செடி வராதாம், இயற்கைப் பிசினெல்லாம் ஆய்வகத்தோடு சரியாம், போன தண்ணீர் திரும்பாதாம். இவற்றில் ஒன்றைக்கூட ஏற்க என்னால் முடியவில்லை.

முதலில் அந்தக் கைகண்ட முறையைப் பார்ப்போம். 1960களிலிருந்து ஈரானில் கசடு தெளித்தது பெரும்பாலும் நகரும் மணல்மேடுகளில். அங்கேயும் கசடு மரக்கன்றுகளுக்குக் காவலாக இருந்தது. மேட்டை நிலையாகப் பிடித்தவை வேர்கள். சதுப்பின் அடித்தரை வேறு வகை. அது களியும் வண்டலும் உப்பும் கலந்த மண். காய்ந்ததும் மேலே பொருக்குக் கட்டும். பொருக்கு முழுசாக இருக்கும்வரை காற்று அதை அசைப்பது கடினம். ஒரு லாரி ஏறினால், மந்தை நடந்தால், அடியில் இருக்கும் மாவு போன்ற மண் வெளியே வந்துவிடும். கலிபோர்னியாவில் வற்றிப்போன ஓவன்ஸ் ஏரியில் குளிர்காலமே அந்த வேலையைச் செய்கிறது: சோடியம் உப்புகள் ஈரத்தை ஏற்று உப்பி, பொருக்கைப் பஞ்சுபோல் பொலபொலக்க வைக்கின்றன. கீழிருந்து மண் இப்படி உடையும்போது மேலே பூசிய கறுப்புப் படலம் என்ன செய்யும்? அதுவும் சேர்ந்து விரிசல் விடும். மறுபடி தெளிக்க வேண்டும். அந்த மறு தெளிப்பையும், அதற்கு உள்ளே போகும் லாரிகள் உடைக்கும் தரையையும் கணக்கில் சேர்த்தால் மலிவு என்ற பேச்சு நிற்காது. போதாததற்குக் கறுப்புத் தரை வெயிலை வாங்கிக் கொதிக்கும், மழைநீரை உள்ளே விடாது. கசடில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் இருக்கக்கூடும். மூச்சுத் திணறும் ஊருக்கு இதையா கொடுப்பது?

உப்பு மண்ணில் செடி வராது என்பது நேரடியாகப் பொய்த்த வாதம். 1913இல் திறந்த லாஸ் ஏஞ்சலிஸ் கால்வாய் ஓவன்ஸ் ஏரிக்கு வரும் நீரைக் கொண்டுபோனது. 1920களில் ஏரி வற்றியது. அந்த உவர்த் தரையிலேயே இன்று சொட்டுநீரில் உப்புப்புல் வளர்த்துத் தூசியை அடக்குகிறார்கள். ஆரல் கடல் விட்டுச்சென்ற தரையில் உஸ்பெகிஸ்தான் சக்சௌல் புதரை நடுகிறது. நம் உப்பளக் கரையில் சிவந்து படரும் உமரியும் சக்சௌலும் ஒரே குடும்பம். உவர் இவற்றுக்குப் பழகிய மண். நட்டதெல்லாம் பிழைக்காது, உண்மைதான். அதற்காக நடுவதை விட்டுவிட முடியுமா?

பிசின் சில மாதங்களில் மக்கிவிடும் என்பதையே பெரிய குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் அதன் சிறப்பு. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசினையோ, நொதித்தலில் கிடைக்கும் சாந்தன் பிசினையோ தண்ணீரில் கரைத்துத் தெளித்தால், அது மண்துகள்களைப் பிணைத்து மெல்லிய பொருக்காக்கும். நாற்று வேர்விடும்வரை அது தாங்கினால் போதும். பிறகு மண்ணுயிர்களுக்கு இரையாகிவிடும். பாக்டீரியாவும் யூரியாவும் கொண்டு மண்ணில் சுண்ணாம்பு படியவைக்கும் முறையும் உண்டு. அதில் அம்மோனியா வெளியாகும் என்பதால் சதுப்பில் அதை எச்சரிக்கையோடுதான் ஏற்பேன். எளிய வழியும் இருக்கிறது: சீனாவின் ஷாபோதோவில் ரயில் பாதையைக் காக்க, வைக்கோலை மீட்டருக்கு மீட்டர் கட்டங்களாக மணலில் ஊன்றினார்கள். சதுப்புக்காரர்கள் கையில் நாணல் இருக்கிறது.

கடைசியாகத் தண்ணீர். ஹூர் அல்-அசீம் தானாக வற்றவில்லை. ஈரான்-ஈராக் போர், சதாம் அரசு ஈராக்கில் வெட்டிய வடிகால்கள், ஈரானின் கர்கே அணை, எண்ணெய்க் கிணறுகளுக்காகக் காயவைத்த பகுதிகள் என்று முக்கியக் காரணங்கள் எல்லாம் மனிதர் செய்தவை. 2003இல் ஈராக்கியர் கரைகளை உடைத்ததும் ஈராக் பக்கச் சதுப்பின் கணிசமான பகுதியில் நீர் பரவியது, நாணல் மீண்டது. 2019 வெள்ளத்தில் ஈரான் பக்கமும் நிறைந்தது. அப்படி நீர் திரும்பும் தரையில் கசடு கிடந்தால் மீன் எங்கே முட்டையிடும்? ஆகவே சதுப்பின் எல்லைக்குள் கசடு தெளிப்பைத் தடைசெய்ய வேண்டும். கர்கே அணையிலிருந்து சதுப்புக்கு உரிய நீரை ஆண்டுதோறும் திறந்துவிட வேண்டும். நீர் எட்டாத விளிம்புகளில் மட்டும் பிசினும் நாணல் கட்டங்களும் உவர்ச்செடிகளும் போதும்.