பொங்கலுக்கு என்ன சமையல்?

முன்னாளில் நம் வீடுகளுக்கு வந்த கடிதங்களில் முதல் வரியைப் படிக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. "இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்" என்றுதான் இருக்கும். எழுதுகிறவர் கடும் ஜுரத்தில் படுத்துக்கொண்டு எழுதினாலும் யாவரும் க்ஷேமமே. 1879-ஆம் வருஷம் இந்தியாவில் காலணாவுக்குத் தபால் கார்டு வந்தபோது, அந்தச் சின்னஞ்சிறு அட்டையிலும் இந்த வரிக்கு இடம் ஒதுக்கிய பிறகே மற்ற விஷயங்கள். தந்தி இன்னும் சிக்கனமானது. வாழ்த்துக்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைக் குறித்துக் கொடுத்தால் வாழ்த்து முழுவதும் போய்ச் சேர்ந்துவிடும். 2013-ஆம் வருஷம் ஜூலையில் தந்தி மறைந்தது. அதனால் வாழ்த்துக்குப் பஞ்சம் வந்துவிடவில்லை. போகிக்கு முந்திய இரவிலிருந்தே கரும்பும் பானையும் வரைந்த படங்கள் நமது கைபேசியில் வந்து குவிகின்றன. அவற்றை அனுப்பியவரும் சரியாகப் பார்ப்பதில்லை, பெற்றவரும் பார்ப்பதில்லை.

ஆனால், "பொங்கலுக்கு உங்கள் வீட்டில் என்ன சமையல்?" என்று ஒருவர் கேட்டு, மற்றவர் அதற்கு ஒழுங்காகப் பதில் எழுதினால் அது வேறு ஜாதி. அதில் பொய் சொல்வது கஷ்டம்.

இதை நாம் அநுபவத்தில் கண்டிருக்கிறோம். ஏறக்குறைய ஐம்பது வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒரு மாணவர் விடுதியில் ஐந்து பேர் ஒன்றாக வசித்தோம். ஒருவர் யாழ்ப்பாணம், ஒருவர் பினாங்கு, ஒருவர் தஞ்சை ஜில்லா, ஒருவர் திருநெல்வேலி, ஐந்தாவது ஆசாமி நாம். நம் ஐவரையும் சிநேகிதர்களாக்கிய பெருமை அந்த விடுதியின் சாம்பாரையே சேரும். பொது எதிரி ஒருவன் ஏற்பட்டால் ஒற்றுமை தானே வருகிறதல்லவா? இரவில் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அவரவர் வீட்டுச் சமையலை வர்ணிப்போம். படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசையாகப் பிரிந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. மார்கழிக் கடைசியில் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பொங்கல் சமையலை மற்ற நால்வருக்கும் எழுதிவிட வேண்டும். ஆதியில் கடிதம், இப்போது கைபேசி.

ஐவரில் முதலில் பால் பொங்குவது பினாங்கில். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. தைப்பூசத்துக்குப் பினாங்கில் அரசாங்க விடுமுறை உண்டு, பொங்கலுக்கு இல்லை. ஆகையால் மருமகள் வேலைக்குப் புறப்படுவதற்குள் சூரிய பகவான் அவசரமாகப் பொங்கலை ஏற்றுக்கொண்டாக வேண்டும். ஒரு வருஷம் பாதியில் வெல்லம் தீர்ந்துவிட, நண்பர் 'குலா மலாக்கா' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் தென்னங்கருப்பட்டியைப் போட்டு ஒப்பேற்றிவிட்டார். அதைச் சர்க்கரைப் பொங்கல் என்று அழைக்கலாகாது என்று தஞ்சாவூர்க்காரர் தீர்ப்புச் சொன்னார். திருநெல்வேலி நண்பரோ, தென்னையும் பனையும் பங்காளிகள் என்று பினாங்கின் பக்ஷம் சேர்ந்துகொண்டார். இந்த யுத்தம் மாட்டுப் பொங்கல் கழிந்தும் ஓயவில்லை.

யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலியிலும் ஒரே நேரத்தில் பானை ஏறும். 2006-ஆம் வருஷம் இலங்கை தன் கடிகாரத்தை மறுபடியும் இந்தியாவோடு ஒன்றாக்கிக்கொண்டது. யாழ்ப்பாணத்தார் முற்றத்தில் உலக்கையை வைத்து மாவினால் சதுரமாகக் கோலமிட்டு, நடுவே அடுப்பு மூட்டி, வறுத்த பயறு சேர்த்துப் பொங்குவார்கள். அதற்குப் புக்கை என்று பெயர். பானை பொங்கியதும் வெடி கொளுத்துவார்கள். இதை முதன் முதலில் கேட்ட தஞ்சாவூர்க்காரர், "பொங்கலுக்குப் பட்டாசா? அப்படியானால் தீபாவளிக்குக் கரும்பு தின்பீரோ?" என்றது நினைவிருக்கிறது.

அந்த யாழ்ப்பாணத்து நண்பரிடமிருந்து 1993-ஆம் வருஷத்துப் பொங்கல் கடிதம் பங்குனியில்தான் நமக்குக் கிடைத்தது. 1990 முதலே அங்கே மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஜாம் போத்தலில் திரியிட்டு எரித்துக்கொண்டிருந்த காலம். கடிதத்தில் யுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எல்லாரும் சுகம். இம்முறை சீனி இல்லை, பனங்கட்டிப் புக்கை. பயறு ஒரு சுண்டு கிடைத்தது. சீனவெடி கொளுத்தவில்லை, மற்ற வெடிகளே போதும்." அவ்வளவுதான். அந்த நாலு வரிகளுக்கு மேல் நமக்கு எந்தப் பத்திரிகையும் வேண்டியிருக்கவில்லை.

தஞ்சாவூர்க்காரர் இப்போது டொராண்டோவில் ஸ்கார்பரோ பகுதியில் பிள்ளையோடு வசிக்கிறார். நமக்குப் பத்தரை மணி நேரம் பிந்தி, வெளியே உறைபனி கொட்டிக்கொண்டிருக்க, கண்ணாடித் தளமுள்ள மின்சார அடுப்பில் பொங்கல் நடக்கிறது. பால் பொங்கவும் வேண்டும். கண்ணாடியில் வழியவும் கூடாது. எனவே நண்பர் ஒரு கையில் துணியுடனும் மறு கையில் மணியுடனும் நிற்பார். எழுகறிக் குழம்புக்குப் பரங்கி, பூசணி, வாழைக்காய், அவரை, சேனை, சர்க்கரைவள்ளி எல்லாம் அங்குள்ள தமிழர் கடைகளில் அகப்படுகின்றன. மொச்சை மட்டும் கூழாங்கல்லைப் போல் உறைந்து வருகிறது. கனடாப் பார்லிமெண்டு 2016-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக அங்கீகரித்தது. வீட்டுக் கூரையிலுள்ள புகை அறியும் கருவி இன்னும் அங்கீகரிக்கவில்லை. தாளிக்கும்போதெல்லாம் அலறுகிறது என்பது நண்பரின் புகார்.

திருநெல்வேலி நண்பர் தாமாக எழுதியதே இல்லை. இடிசாம்பார், சிறுகிழங்குப் பொரியல், அவியல், பனங்கிழங்கு என்று அவருடைய மனைவியார் அடுக்களையிலிருந்து சொல்லச் சொல்ல, இவர் எழுதுவார். மற்ற வீடுகளிலிருந்து கிளம்பும் அளவு, பக்குவம் பற்றிய சந்தேகங்களுக்கும் அந்த அம்மாளே விடை சொல்லுவார். சர்க்கரைப் பொங்கலைத் தம் கையாலேயே செய்கிறவரான டொராண்டோ நண்பர், ஒரு டம்ளர் அரிசிக்கு வெல்லம் எவ்வளவு என்று வருஷந்தோறும் கேட்பார். அம்மாளும் வருஷந்தோறும் சலிக்காமல் சொல்லுவார்.

சென்ற புரட்டாசியில் அந்த அம்மாள் காலமானார்.

அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு நம் வீட்டுப் பலகாரப் பட்டியலை எழுதுவதாவது என்று நாம் நால்வரும் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்துவிட்டோம். தீபாவளியன்று மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் எழுதினோம். டொராண்டோ நண்பர் வானிலை இலாகாவில் உத்தியோகம் ஏற்றவரைப் போல் தினந்தோறும் குளிரின் அளவைத் தெரிவித்து வந்தார். நம்முடைய நாசூக்கைப் பற்றி நமக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மார்கழி 25-ஆம் தேதி திருநெல்வேலியிலிருந்து செய்தி வந்தது:

"என்னவே, நாலு ஊரிலும் அடுப்பே எரியவில்லையா? எங்கள் தெருவில் பண்டிகை இல்லாத வீட்டுக்கு நாலு வீட்டிலிருந்து தூக்கு வரும். அத்தனை தூரத்திலிருந்து உங்களால் தூக்கு அனுப்ப முடியாது, தெரியும். என்ன சமையல் என்றாவது எழுதலாமே? பொங்கலன்றைக்கு அதை வாசித்துக்கொண்டே ரசஞ்சாதம் சாப்பிடுவேன்."

அன்றிரவே நாலு பட்டியல்களும் போயின. பினாங்கு நண்பர் குலா மலாக்கா விவகாரத்தை மறுபடியும் கிளப்பினார். யாழ்ப்பாணத்தவர் இந்த வருஷம் எத்தனை வெடி என்பதுவரை எழுதினார். வெண்பொங்கல் அடுத்த தெருச் சமையற்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறது என்ற அவமானகரமான உண்மையை நாமும் மறைக்கவில்லை. டொராண்டோவிலிருந்து பதினொரு அயிட்டங்கள் வந்தன. எந்தக் கறியை எப்படி நறுக்குவது என்றுகூட இருந்தது. கடைசியில், பழக்க தோஷத்தால், "ஒரு டம்ளர் அரிசிக்கு வெல்லம் எவ்வளவு?" என்றும் இருந்தது.

அனுப்பிய பிறகுதான் நண்பருக்கு உறைத்தது. உடனே நம்மைத் தொலைபேசியில் அழைத்து, "எழுதியதை அழித்துவிடலாமா?" என்றார். குரல் நன்றாகவே இல்லை. பிரயோசனமில்லை, திருநெல்வேலியில் படித்தாகிவிட்டதற்கு அடையாளமான நீலக் கோடுகள் அதற்குள் விழுந்துவிட்டன. மறு நாள் பகல் முழுவதும் பதில் இல்லை. நாமும் இரண்டு தடவை பேச எண்ணிக் கைபேசியை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தோம்.

சாயங்காலம் பதில் வந்தது. அடுக்களை அலமாரியில் அந்த அம்மாளின் நோட்டுப் புத்தகம் அகப்பட்டதாம். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஒன்றேமுக்கால் டம்ளர் வெல்லம். ஆனால் எந்த டம்ளர் என்று புத்தகத்தில் இல்லை. வீட்டில் மூன்று பித்தளை டம்ளர்கள் இருக்கின்றன. மூன்றையும் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார். ஒன்று மட்டும் விளிம்பு நசுங்கி, அரிசிப் பானைக்குள்ளேயே கிடந்தது. அதுவாகத்தான் இருக்க வேண்டும். இருமல் மருந்துப் புட்டியின் மூடியால் அதில் தண்ணீர் அளந்து பார்த்தாராம். 15 மில்லி மூடி. பதினொரு தடவை கொண்டது. "ஆகவே டம்ளர் என்றால் 165 மில்லி. அதன்படி செய்யவும்."

விகிதம் தெரிந்துவிட்டால் டம்ளர் எதுவானால் என்ன? டொராண்டோ நண்பர் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவர். அவருக்கு இது தெரியாததல்ல. மற்ற நமக்கும் அந்த அளவுக்குக் கணக்கு வரும். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. "ரொம்ப உபகாரம். 165 மில்லி, பத்திரமாக எழுதி வைத்துக்கொண்டேன்" என்று டொராண்டோவிலிருந்து பதில் போயிற்று.

அவர் எழுதி வைத்துக்கொள்ளவில்லை என்பது திருநெல்வேலி உள்பட எல்லாருக்கும் தெரியும்.