உள்நுழையும் கணத்தில் மொழியைத் தீர்மானிப்பது யார்?

கணினித் திரை நம்மிடம் எந்த மொழியில் பேசவேண்டும் என்பது, கடவுச்சொல்லைத் தட்டச்சிட்டு முடிக்கும் கணத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. லினக்ஸில் அந்தக் கணத்தை ஆள்வது பாம் என்னும் அடையாளச் சரிபார்ப்பு நிரலகம். சன் நிறுவனத்தின் விபின் சமரும் ரோலண்ட் ஸ்கீமர்ஸும் 1995இல் முன்வைத்த வடிவமைப்பு அது. வருபவர் யார் என்று உறுதிசெய்வதோடு அதன் பணி முடிவதில்லை. அதன் கூறுகள் ‘பாம்_புட்என்வ்’ என்னும் சார்பின்வழிச் சூழல் மாறிகளை ஒரு பட்டியலில் எழுதிவைக்கின்றன. உள்நுழைவு நிரல் அப்பட்டியலைப் பெற்றுப் பயனரின் அமர்வில் சேர்க்கிறது. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் ‘பாம்_என்வ்’ என்னும் கூறு, கணினி முழுமைக்குமான ஒரே கோப்பிலிருந்து ‘லாங்’ என்னும் மொழி மாறியை வாசித்து அனைவருக்கும் ஒன்றாகவே வழங்குகிறது.

‘அனைவருக்கும் ஒன்றாக’ என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. சித்தூர் வட்டத்து எருத்தேன்பதியிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் தமிழர் பலர் தமிழில் படித்து, மலையாளத்தில் அலுவல் பார்த்து, ஆங்கிலத்தை மூன்றாவதாக வைத்திருப்பவர்கள். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இலேயே இடமளித்தது. காகிதத்துக்குக் கிடைத்த அந்த இடம் பொதுக் கணினியின் உள்நுழைவுக்கும் வேண்டும்.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. குனு கெட்டெக்ஸ்ட் ‘லாங்குவேஜ்’ என்னும் மற்றொரு மாறியையும் மதிக்கிறது. ‘லாங்’ ஒரு மொழியையும் ஒரு நாட்டையும் மட்டுமே ஏற்கும். இதுவோ முக்காற்புள்ளியிட்ட வரிசையையே ஏற்கும்: தமிழ், அடுத்து மலையாளம், அடுத்து ஆங்கிலம். தமிழில் மொழிபெயர்க்கப்படாத தொடர் வந்தால் அந்த ஒரு தொடருக்கு மட்டும் மலையாளத்தைத் தேடும். திரை கலப்பு மொழியாகிவிடுமே என்று தூய்மைவாதிகள் முகஞ்சுளிக்கலாம். எல்லையூர்ப் பேச்சைக் கேட்டவர்களுக்கு அது புதிதன்று. இருமொழியாளரை ‘லாங்’ விவரிப்பதைவிட இது நேர்மையாக விவரிக்கிறது என்பதே மொழியியல் மாணவனாக என் துணிபு.

‘பயனரே அமைத்துக்கொள்ளட்டும்’ என்பது வழக்கமான மறுமொழி. முன்பு பயனர் தம் இல்லக் கோப்புறையில் வைத்த கோப்பையும் பாம்_என்வ் வாசித்தது. 2020இல் வந்த லினக்ஸ்-பாம் 1.5.0 அவ்வசதி நீக்கப்படவுள்ளதாக அறிவித்தது. அம்முடிவை நான் குறைகூறவில்லை. உயர் அதிகாரத்தோடு இயங்கும் உள்நுழைவு நிரல், பயனர் எழுதிய எதையும் நம்பி வாசிப்பது ஆபத்து. ஆயினும் ஒரு வாயில் அடைபடும்போது பொறுப்பு நிர்வாகியிடம் வருகிறது. அவர் ‘தமிழ்’ என்றொரு பயனர் குழுவை உருவாக்கலாம். பொதுக் கோப்பை வாசிக்கும் வரிக்குப் பின் ‘பாம்_சக்சீட்_இஃப்’ கூறால் குழுவைச் சோதித்து, உறுப்பினர்க்கு மட்டும் இரண்டாவது மொழிக் கோப்பை வாசிக்கச் செய்யலாம். மாறிகளை எழுதுபவர் நிர்வாகியே என்பதால் பாதுகாப்புக்குப் பழுதில்லை. (அடிப்படை ‘லாங்’ வெறும் ‘சி’யாக இருந்தால் ‘லாங்குவேஜ்’ புறக்கணிக்கப்படும், அதைமட்டும் கவனிக்கவேண்டும்.)

கேரளப் பள்ளிகளுக்குக் கைட் நிறுவனம் வழங்கும் இயங்குதளமும் உபுண்டுவின் வழிவந்ததே. அடுத்த பதிப்பில் தமிழ்வழி மாணவர்க்கு இப்படியொரு குழுவை முன்னிருப்பாகவே சேர்க்கவேண்டும். கூடுதலாகத் தேவைப்படுபவை இரண்டு வரிகளும் ஒரு சிறு கோப்பும்.