அடுத்த சீசன் எப்ப வரும்?

ஈப்போவில் அனிமே பார்க்கிற நம் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்றே கேள்விதான். சப்பா டப்பா? இந்த எபிசோட்ல மட்டும் ஏன் படம் இவ்ளோ கேவலமா இருக்கு? அடுத்த சீசன் எப்ப? முதல் கேள்வியில் எனக்கு அக்கறை இல்லை. தமிழிலேயே டப்பிங் வந்துவிட்டது, பிடித்ததைப் பாருங்கள். மற்ற இரண்டுக்கும் பதில் தெரியாமல் இருக்க, மரம் சீவிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உரிமை கிடையாது என்பேன்.

சுங்கை சிப்புட் தோட்டங்களில் நம் பாட்டிகள் விடிவதற்கு முன்பே மரத்தடிக்குப் போனார்கள். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. பாலை நிறுத்துக் கணக்கெழுதியவர் கிராணி. லாபம் போனது லண்டன் பங்குதாரர்களுக்கு.

டோக்கியோவில் இடைப்படம் வரைகிற இளைஞருக்கும் எண்ணிக்கைக் கூலிதான். ஒரு படத்துக்கு ஏறக்குறைய 200 யென். 24 நிமிட எபிசோடுக்கு மூவாயிரம் படங்களுக்கு மேல் வேண்டும். தொடரின் உரிமையோ 'தயாரிப்புக் குழு'விடம்: தொலைக்காட்சி, பதிப்பகம், இசை நிறுவனம், பொம்மை நிறுவனம். குழுவில் பணம் போடாத ஸ்டூடியோவுக்குப் பேசிய தொகை மட்டும். தொடர் உலகம் முழுக்க ஓடினாலும் அவ்வளவுதான். அதனால் ஸ்டூடியோ மூச்சுவிடாமல் அடுத்தடுத்த வேலையை ஒப்புக்கொள்கிறது. அடுத்த சீசன் வரிசையில் நிற்கிறது. கெடு நெருங்கும்போது காட்சிகள் அவசரமாக வெளியே, பிற நாடுகளுக்கும் போகின்றன. அந்தக் கேவலமான எபிசோட் அப்படித்தான் பிறக்கிறது. 2023இல் 'ஜுஜுட்சு கைசென்' இரண்டாம் சீசன் ஓடும்போதே அதை வரைந்தவர்கள் சமூக ஊடகத்தில் வெளிப்படையாகப் புலம்பினார்கள். அதே ஆண்டு இத்துறையின் சந்தை 3.3 லட்சம் கோடி யென். புதிதாகச் சேர்கிற ஓவியருக்கு வருடம் சுமார் 15 லட்சம் யென் என்று 2024இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது.

"ஆசைப்பட்டுத்தானே வரையுறாங்க?" என்று ஒரு பதில் வரும். நம் ஆட்கள் கங்காணி பின்னால் கப்பலேறியது ஆசையால் இல்லை, வறுமையால். அந்த வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனால் ஒருவனுடைய ஆசையைக் காட்டியே அவன் கூலியைக் குறைப்பது இன்னும் தந்திரமான வேலை. அதற்கு ரசிகர்கள் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்?

கியோட்டோ அனிமேஷன் தன் ஓவியர்களை மாதச் சம்பளத்தில் வைத்து வளர்த்த நிறுவனம். அவங்க படம் மட்டும் எப்படி இவ்ளோ சுத்தமா இருக்குன்னு கேட்கிறீர்களே, அங்கிருந்து பேச ஆரம்பிக்கலாம். மாதச் சம்பளம் என்ற அந்த ஒரு சொல்லுக்காக நம் தோட்டங்கள் எத்தனை வருடம் கத்தின என்பதைப் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.